கூரைக்கு அடியில் ஃபாயில்: வீட்டுச் சூடு உண்மையிலேயே குறையுமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்தால், காத்தாடி முழு வேகத்தில் சுற்றினாலும் மேலிருந்து சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். ஹார்ட்வேர் கடையில் கேட்டால், "கூரைக்கு அடியில ஃபாயில் போடுங்க, ஏர்கோனே வேணாம்" என்பார்கள். ஏற்கெனவே போட்ட பக்கத்து வீட்டுக்காரரோ, "காசு போனதுதான் மிச்சம்" என்பார். இருவர் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. ஃபாயில் என்பது பளபளக்கும் அலுமினியத் தாள். அது ஒரே ஒரு வேலையைத்தான் செய்யும், அதை நன்றாகவே செய்யும். அந்த வேலை உங்கள் வீட்டில் தேவைப்படுகிறதா, அதைச் செய்யும்படி ஃபாயிலைப் பொருத்தினார்களா என்பதைப் பொறுத்தே பலன்.

சூடு மூன்று வழிகளில் நகரும். ஒரு பொருள் இன்னொன்றைத் தொட்டு வாங்குவது கடத்தல். சூடான காற்று நகர்ந்து கொண்டுபோவது சலனம். தொடாமலேயே, காற்றின் உதவியும் இல்லாமல் பாய்வது கதிர்வீச்சு. தீமிதித் திருவிழாவில் பூக்குழிக்குப் பத்தடி தள்ளி நின்றாலும் முகம் எரிகிறதே, அது கதிர்வீச்சு. நடுவில் ஒருவர் வந்து நின்றால் சட்டென்று எரிச்சல் அடங்கிவிடும். காற்று அதே காற்றுதான்.

வெயிலில் காயும் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே நடப்பதும் இதுதான். சூடான காற்று மேலேதான் தேங்கும், கீழே இறங்காது. ஆகவே பகலில் சலனத்தால் வரும் சூடு குறைவு. அசையாமல் நிற்கும் காற்று மோசமான கடத்தி என்பதால் கடத்தலும் குறைவு. கூரையிலிருந்து சீலிங்குக்கு இறங்கும் சூட்டில் பெரும்பங்கு கதிர்வீச்சாகத்தான் வருகிறது. ஃபாயில் தடுப்பது இந்தப் பங்கை மட்டும்.

பளபளக்கும் அலுமினியத்துக்கு இரண்டு குணம். தன்மேல் விழும் வெப்பக் கதிரில் சுமார் 95 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். தானே சூடானாலும் மறுபக்கம் மிகக் குறைவாகத்தான் உமிழும். எவ்வளவு உமிழும் என்பதை 0 முதல் 1 வரை சொல்லும் அளவு உமிழ்திறன். சுத்தமான ஃபாயிலுக்கு அது 0.03 முதல் 0.05 வரை. சீலிங் போர்டு, மரம், சிமெண்டு, பெயிண்ட் அடித்த தகரம் எல்லாம் 0.9-ஐ ஒட்டியவை. புதுத் தகரம் கொஞ்சம் பளபளப்பாக இருக்கும்வரை குறைவாக உமிழும். துருப்பிடித்த பிறகு அதுவும் மேலே சொன்ன கூட்டத்தில் சேர்ந்துவிடும். "பழைய கூரை ஆக ஆக வீடு சூடாகுது" என்று பெரியவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

எண்ணில் போட்டுப் பார்ப்போம். கூரையின் அடிப்பக்கம் 65 டிகிரி செல்சியஸ், சீலிங் 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் 0.9 உமிழ்திறன் உள்ளவை என்றால், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 190 வாட் வெப்பம் கதிராக இறங்கும். 3 மீட்டருக்கு 3 மீட்டர் அறைக்கு 1,700 வாட். கூரையின் அடிப்பக்கம் 0.05 உமிழ்திறன் உள்ள ஃபாயிலாக மாறினால், அதே வெப்பநிலையில் சதுர மீட்டருக்கு 11 வாட்தான். அறைக்கு 100 வாட். இது கதிர்வீச்சுக்கு மட்டுமான தாள் கணக்கு. நிஜத்தில் காற்றும் சட்டங்களும் கொஞ்சம் சூட்டைக் கொண்டுவரும், வெப்பநிலைகளும் மாறும். அதனால் வீட்டுக்குள் வரும் மொத்தச் சூடும் இந்த விகிதத்தில் குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனாலும் திசை இதுதான்.

இடைவெளி இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை

அலுமினியம் சூட்டை மிக வேகமாகக் கடத்தும் உலோகம். சமையல் பாத்திரம் செய்வதே அதனால்தான். ஃபாயிலின் இரண்டு பக்கமும் வேறு பொருளோடு ஒட்டிக் கிடந்தால் சூடு அதன் வழியே தாராளமாகப் போய்விடும். கதிர் பாய்வதற்கு இடம் இருந்தால்தான் அதைத் திருப்ப முடியும். குறைந்தது ஒரு பக்கமாவது, 25 மி.மீ. அளவுக்காவது, காற்று இடைவெளி வேண்டும். இரண்டு பக்கமும் இருந்தால் இன்னும் நல்லது.

சந்தையில் விளக்கை வைத்துக் காட்டும் செய்முறை பலரையும் மயக்கிவிடுகிறது. எரியும் விளக்குக்கும் உங்கள் கைக்கும் நடுவே ஒரு ஃபாயில் துண்டைப் பிடிப்பார்கள். கை குளிர்ந்துவிடும். பொய்யே இல்லை, ஆனால் அங்கே இரண்டு பக்கமும் காற்று இருக்கிறது. அதே ஆள் வீட்டுக்கு வந்து, கான்கிரீட் தளத்துக்கும் பிளாஸ்டர் போர்டுக்கும் நடுவே ஃபாயிலை நெருக்கி வைத்து மூடிவிட்டுப் போனால் அந்தக் காசு தண்டம்தான்.

தகரத்தின் அடியில் நேராக ஒட்டும் பசை ஃபாயில் வருகிறது. அதைப் பற்றிச் சண்டையே நடக்கும். மேல்பக்கம் ஒட்டிக்கொண்டாலும் கீழ்ப்பக்கம் திறந்த காற்றைப் பார்க்கிறது. அந்தப் பக்கம் குறைவாக உமிழும். ஆகவே அது வேலை செய்யும். அதன் பிரச்சினை பசைதான். 60 டிகிரிக்கு மேல் தினமும் காய்ந்து, ராத்திரி குளிர்ந்தால், மட்டமான பசை இளகித் தொங்க ஆரம்பித்துவிடும்.

குமிழி வைத்த ஃபாயிலுக்கு விலை கூட. 4 மி.மீ. குமிழிக்குள் இருக்கும் காற்று தரும் தடுப்பு மிகச் சொற்பம். அங்கேயும் வேலையைச் செய்வது பளபளப்பும் இடைவெளியும்தான். கிழியாமல் இருக்க வேண்டும் என்றால் நெய்த துணி உள்ளே வைத்த இருபக்க ஃபாயிலே போதும். வாங்கும்போது உமிழ்திறன் எவ்வளவு என்று லேபிளில் போட்டிருக்கிறதா பாருங்கள். "97 விழுக்காடு வெப்பம் தடுக்கும்" என்ற வரி மட்டும் இருந்தால், அது தாளின் பிரதிபலிப்பைச் சொல்கிறது, வீட்டின் சூட்டை அல்ல.

பளபளப்பு மேலே பார்க்க வேண்டுமா, கீழேயா? சுத்தமாக இருக்கும்வரை இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சுத்தமாக இருக்காது என்பதுதான் விஷயம். செம்மண் சாலைத் தூசி, செம்பனை ஆலைப் புகை, குப்பை எரித்த கரி, எலிப் புழுக்கை எல்லாம் மேல்பக்கத்தில் வந்து உட்காரும். தூசி படிந்து உமிழ்திறன் 0.5-க்கு ஏறினால், மேலே போட்ட கணக்கில் 11 வாட் என்றது 110 வாட்டாகிவிடும். பாதிக்கு மேல் பலன் போச்சு. கீழே பார்க்கும் பக்கத்தில் தூசி தங்காது. ஒருபக்கம் மட்டும் பளபளக்கும் தாள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கீழ்நோக்கிப் போடுங்கள். சீலிங் போர்டின் மேல் பாய் விரிப்பதுபோல் ஃபாயிலை விரித்துவிட்டுப் போகும் வேலை மலிவாக முடியும். சில ஆண்டுகளில் அது வெறும் அழுக்குத் தாளாகிவிடும்.

முதலில் உங்கள் வீட்டைப் பாருங்கள்

தோட்டத்துப் பழைய லயன் வீடுகளில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே இடம் விட்டிருப்பார்கள். சூடான காற்று தானாக வெளியே போய்விடும். தோட்டம் துண்டாடப்பட்டுத் தாமானுக்குக் குடிவந்தவர்களுக்குக் கிடைத்தது செங்கல் சுவர், தாழ்ந்த சீலிங், நாலு பக்கமும் மூடிய கூரை. சுங்கை சிப்புட் வட அகலக்கோடு 5-ஐ ஒட்டி இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாவது வாரத்திலும், மதியம் ஒன்றேகால் வாக்கில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மற்ற மாதங்களிலும் அதிகம் சாயாது. குளிர்நாட்டு வீடுகளுக்குச் சுவர் எவ்வளவு முக்கியமோ அவ்வளவுக்கு இங்கே கூரை முக்கியம்.

இருந்தாலும் சோதிக்காமல் வாங்காதீர்கள். வெயில் நாளில் மதியம் இரண்டு மணிக்கு ஸ்டூலில் ஏறி, கையை சீலிங்குக்கு அருகில் கொண்டுபோங்கள். அடுப்பருகே வைத்ததுபோல் சுட்டால் கூரைதான் குற்றவாளி. அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் சீலிங்கின் அடிப்பக்கத்தை அளந்து, அறைக் காற்றோடு ஒப்பிடுங்கள். சீலிங் நாலைந்து டிகிரி அதிகமாக இருந்தால் ஃபாயிலுக்கு வேலை இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, மாலை ஐந்து மணிக்கு மேற்குச் சுவர் கொதித்தால், ஃபாயில் உதவாது. அந்தச் சுவருக்கு நிழல் வேண்டும்: வெளியே ஒரு இறக்கம், அல்லது வாழை, அல்லது வெள்ளைப் பெயிண்ட்.

சீலிங்கில் ஆள் ஏறும் சதுரத் திறப்பு இருந்தால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓட்டுக் கூரை போட்ட புதிய தாமான்களில் கட்டும்போதே ஓட்டுக்கு அடியில் ஃபாயில் விரித்திருப்பதுண்டு. இருப்பதற்கு மேல் இன்னொன்று போட்டால் கிடைக்கும் கூடுதல் பலன் கொஞ்சம்தான்.

சீலிங்கே இல்லாத தகரக் கூரைக் குசினி, கார் நிறுத்தும் இடம் போன்றவற்றில்தான் ஃபாயிலின் வித்தியாசம் உடனே தெரியும். அங்கே உடம்பு நேராகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சுவரில் தொங்கும் வெப்பமானி ஓரிரண்டு டிகிரிதான் இறங்கியிருக்கும். ஆனால் தலை எரிவது நின்றுவிடும்.

கான்கிரீட் தட்டைக் கூரைக்கு அடியிலிருந்து ஃபாயில் ஒட்டுவதைவிட மேலே வெள்ளைப் பூச்சு அடிப்பது மேல்.

எவ்வளவு வாங்குவது, எப்படிப் போடுவது

கூரை 20 அடிக்கு 40 அடி என்றால் தரைக் கணக்கில் 800 சதுர அடி, அதாவது 74 சதுர மீட்டர். 20 டிகிரி சாய்வு இருந்தால் உண்மையான பரப்பு 79. ரோல் 1.2 மீட்டர் அகலம், ஒவ்வொரு இணைப்பிலும் 150 மி.மீ. மேல்படிய வேண்டும், அதற்குச் சேர்த்தால் 90. வெட்டுச் சேதாரம் 5 விழுக்காடு போட்டால் 95 சதுர மீட்டர். 60 மீட்டர் நீள ரோல் 72 சதுர மீட்டர்தான் என்பதால் இரண்டு ரோல் வாங்க வேண்டும். ரோலின் நீள அகலம் கடைக்குக் கடை மாறும். லேபிளைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். "ஒரு ரோல் போதும்" என்று சொல்பவர் மேல்படிவை விட்டுவிடப் போகிறார் என்று அர்த்தம்.

வேலைக்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. பழைய வீடுகளில் நெளிவான சிமெண்டுத் தகடோ, வெள்ளைச் சீலிங் தகடோ இருந்தால் அதில் அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதைத் துளைக்காதீர்கள், உடைக்காதீர்கள், உலரப் பெருக்காதீர்கள். தெரிந்தவர்களிடம் விடுங்கள்.

அடுத்தது மின்சாரம். ஃபாயில் மின்சாரத்தைக் கடத்தும். ஆஸ்திரேலியாவில் 2009-ல் அரசு மானியத்தில் வீடுகளுக்கு வெப்பத் தடுப்புப் போடும் திட்டம் ஒன்று நடந்தது. கூரைக்குள் வேலை செய்த 4 இளைஞர்கள் இறந்தார்கள். 3 பேர் மின்சாரம் தாக்கி, ஒருவர் வெப்பத் தாக்கத்தால். ஃபாயிலை அடித்த உலோக ஸ்டேப்பிள் வயரைத் துளைத்ததும் அந்தச் சாவுகளுக்கு ஒரு காரணம். 2010 பிப்ரவரியில் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். ஆகவே மேலே ஏறும் முன் டிபி பெட்டியில் (மின் பகிர்வுப் பெட்டி) மெயின் சுவிட்சை அணையுங்கள். விளக்கு சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. வெளிச்சத்துக்குப் பேட்டரி டார்ச். ஃபாயில் எந்த வயரையும், விளக்கின் பின்புறத்தையும் தொடக்கூடாது. எலி கடித்த வயர், டேப் சுற்றிய பழைய இணைப்பு கண்ணில் பட்டால் வேலையை நிறுத்தி வயர்மேனை அழைத்துச் சரி செய்த பிறகே தொடருங்கள். மெயினை அணைப்பதற்கு முன், மின்சாரம் இருக்கும்போதே, கசிவு மின்சாரத்தில் விழும் பிரேக்கரின் சோதனைப் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். பல வீடுகளில் அது செத்துப்போய் இருக்கும்.

காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் இறங்கிவிடுங்கள். அதன்பின் கூரைக்குள் நிற்க முடியாது. சட்டத்தின் மேல் மட்டும் கால் வைக்க வேண்டும். சீலிங் போர்டில் வைத்தால் கீழே முன் அறைக்கு வந்துவிடுவீர்கள்.

இருக்கும் கூரைக்கு உள்ளிருந்து போடும்போது ஃபாயிலைச் சாய்வுச் சட்டங்களின் அடிப்பக்கத்தில் இழுத்துப் பொருத்துங்கள். சட்டத்தின் ஆழமே தகரத்துக்கும் ஃபாயிலுக்கும் இடைவெளியாகிவிடும். மரச் சட்டம் என்றால் மெல்லிய மரப்பட்டி வைத்து அதன் மேல் ஆணி. வெறும் ஆணி அடித்தால் ஃபாயில் அந்த இடத்தில் கிழியும். இரும்புச் சட்டம் என்றால் அகல வாஷர் வைத்த ஸ்குரூ.

மேல்படிவில்தான் அநேகமாக எல்லோரும் தப்புச் செய்கிறார்கள். ராத்திரியில் தகரம் குளிரும்போது அதன் அடியில் நீர்த்துளி கோத்து சொட்டும். ஆணி ஓட்டையில் மழையும் கசியும். அந்தத் தண்ணீர் ஃபாயில் மேல் ஓடி வெளியே போக வேண்டும். ஆகவே மேல் தாளின் ஓரம் எப்போதும் கீழ்த் தாளின் மேல் படிய வேண்டும். புதுக் கூரைக்கு மேலிருந்து விரிக்கும்போது கீழ் ஓரத்திலிருந்து முகடு நோக்கிப் போனால் இது தானாக அமையும். உள்ளிருந்து அடிக்கும்போது தலைகீழ்: பின்னால் அடிக்கும் தாள் அடியில் வரும் என்பதால், முகட்டில் தொடங்கிக் கீழே இறங்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் ஒவ்வொரு இணைப்பிலும் தண்ணீர் உள்ளே நுழைந்து, சீலிங்கில் பழுப்பு வட்டம் விழும்.

முகட்டில் இரண்டு மூன்று அங்குலமும், கீழ் ஓரத்தில் கொஞ்சமும் திறந்து விடுங்கள். ஃபாயில் தடுத்த சூடு தகரத்துக்கும் அதற்கும் நடுவே தேங்கும். அது வெளியேற வழி வேண்டும். முக்கோணச் சுவரில் வலை வைத்த துளையோ, கூரை மேல் காற்றுச் சுழலியோ இருந்தால் சிறப்பு. வலை கட்டாயம். இல்லாவிட்டால் வௌவாலும் குருவியும் ஃபாயிலைக் கூடாக்கிவிடும். வரிசை வீட்டில் பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவரைத் தாண்டி ஃபாயிலைக் கொண்டுபோகக் கூடாது. தீப் பிடித்தால் பரவுவதற்கு அது பாதையாகும்.

எதிர்பார்க்கக் கூடாதவை

ராத்திரிச் சூட்டை ஃபாயில் தீர்க்காது. பகல் முழுக்கச் செங்கல் சுவர் குடித்த சூடு எட்டு, ஒன்பது மணிக்கு மேல்தான் உள்ளே வரும். அதற்கு ஜன்னலைத் திறப்பதும் காற்று ஓடவிடுவதும்தான் வழி. குளிர்ந்த கூரைக்கு அறையின் சூடு கதிராகப் போவதையும் ஃபாயில் கொஞ்சம் தடுக்கும். பகலில் கிடைக்கும் லாபத்தோடு பார்த்தால் அது சின்ன நட்டம்.

மழைச் சத்தமும் குறையாது. மெட்டல் டெக் கூரையில் கனமழை பெய்யும்போது பேச்சே கேட்கவில்லை என்றால் ராக்வுல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) போட வேண்டும். அது கதிரை மட்டுமல்ல, கடத்தலையும் சத்தத்தையும் தடுக்கும், தூசி படிந்தாலும் கெடாது. விலை, எடை, உடம்பு அரிப்பு மூன்றும் அதிகம். மலேசியாவின் சீரான கட்டடத் துணைச்சட்டம் 38ஏ பிரிவில், சதுர மீட்டருக்கு 50 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள கூரையின் யூ-மதிப்பு 0.4-ஐத் தாண்டக்கூடாது என்கிறது; கனமான கூரைக்கு 0.6. ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் போகிறது என்பதே அந்த எண். ஃபாயில் மட்டும் போட்டு 0.4-ஐத் தொடுவது கடினம். 50 மி.மீ. ராக்வுல்லும் அதன் அடியில் காற்றைப் பார்க்கும் ஃபாயிலும் சேர்ந்தால் அந்த அளவை எட்டலாம். கூரையையே மாற்றப் போகிறவர்கள் அப்போதே இரண்டையும் சேர்த்துப் போடுவது புத்திசாலித்தனம். பிறகு செய்தால் கூலி இரட்டிப்பு.

கையில் இருப்பது கொஞ்சம்தான், கூரையும் நல்ல நிலையில் இருக்கிறது என்றால், தகரத்தின் மேல் வெள்ளைக் கூரைப் பெயிண்ட் அடிப்பதை முதலில் யோசியுங்கள். சூடு உள்ளே வருவதற்கு முன்பே திரும்பிப் போய்விடுகிறது. நம் ஊர் ஈரத்தில் பாசி படிந்து கறுத்துவிடும் என்பது அதன் குறை. அவ்வப்போது கழுவ வேண்டியிருக்கும்.

ஏர்கோன் போட்ட அறைக்கு மேல் கவனம். சீலிங்கோடு ஒட்டி ஃபாயில் கிடந்து, ஏர்கோன் 18-ல் ஓடினால், கூரைக்குள் இருக்கும் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த தாளில் பட்டு நீராகும். சீலிங் ஊறும், பூஞ்சை பிடிக்கும். ஃபாயில் மேலே கூரையோடு இருந்தால், ஏர்கோனை 24-ல் வைத்தால், இந்தத் தொல்லை வராது.

வேலை முடிந்ததும் கொன்ட்ரெக்டர் அகச்சிவப்பு வெப்பமானியை ஃபாயில் மேல் காட்டி, "பாருங்க, எவ்வளவு குறைஞ்சிருக்கு" என்றால் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். பளபளக்கும் பரப்பில் அந்தக் கருவி ஃபாயிலின் சூட்டைப் படிக்காது; எதிரே இருக்கும் சீலிங்கின் பிம்பத்தைத்தான் படிக்கும், அது எப்போதும் குறைவாகவே காட்டும். ஃபாயிலில் ஒரு துண்டுக் கறுப்பு வயர் டேப்பை ஒட்டி, ஐந்து நிமிடம் விட்டு, டேப்பின் மேல் அளக்கச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, முன்பு அளந்த அதே சீலிங்கை, அதே மாதிரி வெயில் நாளில், அதே இரண்டு மணிக்கு அளப்பது.